கணியம்: கரையைப் பார்த்துக் கடலடியைக் காணும் கலை

தூண்டில் என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது ஒரு குளக்கரை, ஒரு மூங்கில் கழி, நீரில் மிதக்கும் ஒரு தக்கை. தக்கை அமிழ்ந்தால் மீன் கொத்திவிட்டது என்று பொருள். சுண்டி இழுக்க வேண்டியதுதான். ஆனால் கரையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் விலகி, நாற்பது மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் தூண்டில் இறக்குபவனுக்குத் தக்கையும் இல்லை, தரையும் தெரியாது. நாலா பக்கமும் ஒரே நீலம். இங்கே இறக்கினால் மீன் உண்டு, சற்றுத் தள்ளி இறக்கினால் ஒன்றும் இல்லை என்பதை அவன் எவ்வாறு அறிகிறான்?

இந்தக் கேள்விக்கு விடை சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். நான் குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் மீனவர் வீட்டில் பிறந்தவன். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள். கடற்கரைப் பிள்ளைகளுக்கெல்லாம் கடல் தெரியும் என்று வகுப்பு நண்பர்கள் எண்ணுகிறார்கள். உண்மை அதுவன்று. "நீ படி மக்ளே, கடல் எங்களோட போட்டும்" என்று சொல்லி, என்னை வள்ளத்தில் ஏற்றாமலே வளர்த்தார் அப்பா. ஆழக் கடலில் தூண்டில் போட நான் கற்றது கல்லூரியில் சேர்ந்த பிறகு வந்த முதல் கோடை விடுமுறையில்தான். அதுவும் ஒரு கருவி பழுதானதால்!

பாரும் களவாவும்

கடலின் அடித்தளம் எங்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பெரும்பகுதி மணலும் சேறும். இடையிடையே பாறைத் திட்டுகள் மேலெழும்பி நிற்கும். இவற்றை எங்கள் பக்கத்தில் 'பார்' என்பார்கள். மணல் வெளியில் சிறு மீன் ஒளிந்துகொள்ள இடமில்லை. பாரிலோ பொந்துகளும் வெடிப்புகளும் உண்டு. சிப்பியும் கடற்பஞ்சும் பாறையில் ஒட்டி வளரும். அவற்றை நாடிச் சிறு மீன்கள் வரும். சிறு மீன்களை நாடிப் பெரு மீன்கள் வரும். பாலைவனத்தின் நடுவே ஒரு சோலை எப்படியோ, அப்படித்தான் மணற்கடலின் நடுவே பார்.

பாரில் கிடைக்கும் மீன்களில் மதிப்பு மிக்கது களவா. தடித்த உதடு, பெரிய வாய், புள்ளியும் திட்டுமாக உடம்பு. உலகில் பல நாட்டினரும் விரும்பித் தூண்டிலிடும் கடல் பாஸ் மீன்களின் குடும்பத்தில் வைத்தே விலங்கியலார் இதை நெடுங்காலம் எண்ணி வந்தனர். களவா இரையைத் துரத்தி ஓடும் மீனன்று. பொந்தின் வாயிலில் அசையாது கிடக்கும். இரை அருகில் வந்ததும் வாயைத் திடீரெனத் திறக்கும். நீரோடு இரையும் உள்ளே போய்விடும். அடுத்த கணம் அது பொந்துக்குள் திரும்பிவிடும். ஆழத்தில் தூண்டில் போடுபவன் முதலில் மனத்தில் பதிக்க வேண்டிய பாடம் இதுவே: மீன் நம்மைத் தேடி வராது, அது கிடக்கும் பொந்தின் வாயிலில் நாம் இரையைக் கொண்டு வைக்க வேண்டும். ஆகவே இடம் தவறினால் எல்லாம் தவறும்.

குமரிமுனைக்குத் தெற்கே கடலுக்கடியில் பரந்து கிடக்கும் மேட்டு நிலத்தை 'வெட்ஜ் பேங்க்' என்று நிலப்படங்கள் குறிக்கின்றன. களவா முதலிய பார் மீன்களுக்குப் பெயர் பெற்ற அந்த மேடு, 1976ஆம் ஆண்டு இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட கடல் எல்லை ஒப்பந்தத்தின்படி இந்தியாவின் பக்கம் அமைந்தது. அந்தப் பெருமேடு நிலப்படத்தில் உண்டு. எங்கள் ஊர் வள்ளங்கள் செல்லும் சிறு பார்களோ எந்தப் படத்திலும் இல்லை. அவை சிலருடைய நினைவில் மட்டுமே உள்ளன.

கருவி போன கதை

அப்பாவின் வள்ளத்தில் செயற்கைக்கோள் வழியே இடம் காட்டும் ஜி.பி.எஸ். கருவி ஒன்று இருந்தது. ஒரு பாரைக் கண்டதும் பொத்தானை அழுத்தினால் போதும். இடம் அதன் நினைவகத்தில் பதிந்துவிடும். மறுமுறை அதுவே வழி காட்டும். பல ஆண்டுகளாக அப்பா அப்படிச் சேர்த்து வைத்தவை முப்பதுக்கும் மேற்பட்ட புள்ளிகள். சென்ற ஆண்டு ஒரு நாள் உப்புநீர் உள்ளே புகுந்து கருவி நின்றுவிட்டது. பழுது பார்ப்பவர் திறந்து பார்த்து, பதிவுகள் அனைத்தும் போய்விட்டன என்று கைவிரித்தார்.

கடன் வாங்கிப் புதிய கருவி வாங்கினோம். அது நாம் இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டியது. ஆனால் பார் இருக்கும் இடம் அதற்குத் தெரியாதே! எழுதாத நோட்டைப் போல அது வெறுமையாக இருந்தது. அப்பாவுக்கு நினைவிலிருந்தவை நான்கைந்து பார்கள் மட்டுமே. மற்றவற்றைக் கருவியிடம் ஒப்படைத்துவிட்டு அவர் மறந்திருந்தார். அந்த மாதம் தூண்டில் தொழிலில் எண்ணெய்க் காசும் தேறவில்லை. எனக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய நேரம் அது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை.

பாட்டாவுக்கு எழுபத்து நான்கு வயது. கடலுக்குப் போவதை நிறுத்தி எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு கண்ணில் புரை. திண்ணையில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர் சொன்னார்: "பெட்டி போனாப் போட்டும் மக்ளே. மலை எங்கயும் போவல்லியே!"

மறுநாள் விடியுமுன் பாட்டா வள்ளத்தில் ஏறினார். எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு! அப்பா என்னையும் அழைத்தார். "நீ எழுதப் படிக்கத் தெரிஞ்சவன். பாட்டா சொல்லுறத எழுதணும். வா" என்றார். என்னைக் கடலுக்கு விடாமல் வளர்த்தவர் நோட்டும் பேனாவுமாக வர வேண்டும் என்ற நிபந்தனையோடு என்னைக் கடலுக்கு அழைத்தார். என் முதல் ஆழக்கடல் பயணம் அது.

கணியம் என்பது என்ன?

நம் கல்லூரி மைதானத்தில் நின்று கொடிக்கம்பத்தைப் பாருங்கள். அதற்கு நேர் பின்னே தொலைவில் ஒரு தண்ணீர்த் தொட்டி தெரிகிறது என்று கொள்வோம். நீங்கள் இடப்புறம் நகர்ந்தால் தொட்டியும் கம்பத்துக்கு இடப்புறமாக விலகித் தெரியும். கம்பமும் தொட்டியும் ஒன்றன்பின் ஒன்றாக நேராகத் தெரிகின்றன என்றால் நீங்கள் ஒரு குறிப்பிட்ட நேர்கோட்டின்மேல் நிற்கிறீர்கள் என்று பொருள். இனி வேறொரு திசையில் ஒரு மரமும் அதற்குப் பின்னே ஒரு கோபுரமும் நேராகத் தெரிந்தால் அது இரண்டாவது கோடு. இரண்டு கோடுகள் ஒரே ஒரு புள்ளியில்தான் வெட்டும். ஆகவே மைதானத்தில் நீங்கள் நிற்கும் இடம் ஐயமின்றி உறுதியாகிறது.

இதுவே கணியம். கடலில் நின்று கரையில் உள்ள இரண்டு பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்ப்பது ஒரு கணியம். வேறு திசையில் இன்னொன்று. இரண்டும் ஒரே நேரத்தில் பொருந்தும் இடத்தில் பார் இருக்கிறது. வடிவ கணிதத்தில் நாம் தாளில் வரையும் இரு கோடுகளை, பள்ளிக்கூடம் போகாத எங்கள் முன்னோர் கடல் மேல் வரைந்தார்கள்!

இதில் எவ்வளவு துல்லியம் கிடைக்கும் என்று கணக்கிட்டுப் பார்த்தேன். கரையில் ஒரு கோயில் கோபுரம். அதற்குப் பின்னே 12 கிலோமீட்டரில் ஒரு மலைமுடி. கோபுரத்திலிருந்து 12 கிலோமீட்டர் தொலைவில் வள்ளம். நல்ல கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஏறத்தாழ ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. கோபுரத்தின் தொலைவில் அது சுமார் மூன்றரை மீட்டர். வள்ளம் பக்கவாட்டில் 7 மீட்டர் நகர்ந்தாலே மலைமுடி கோபுரத்தைவிட்டு அந்த அளவு விலகிவிடும். அலையாட்டத்துக்கும் மூடுபனிக்கும் இடம் கொடுத்துப் பத்து மடங்கு ஆக்கினாலும் 70 மீட்டர்தான். பரந்த கடலில் இது சிறிய பிழையே.

ஆனால் பின்னே உள்ள அடையாளம் மலையாக இல்லாமல், கோபுரத்துக்கு 100 மீட்டர் பின்னே நிற்கும் தென்னையாக இருந்தால்? அதே விலகலைக் கண் உணர, வள்ளம் 420 மீட்டருக்கும் மேல் நகர்ந்திருக்க வேண்டும். "முன்னடையாளம் கரையில இருக்கணும், பின்னடையாளம் மலையில இருக்கணும்" என்று பாட்டா திரும்பத் திரும்பச் சொன்னதன் காரணம் இதுதான். அவர் இரண்டாவதாகச் சொன்ன விதி, ஒரு கணியம் வடக்கே என்றால் மற்றது கிழக்கே இருக்க வேண்டும் என்பது. இரு கோடுகளும் ஏறக்குறைய ஒரே திசையில் சென்றால் அவை வெட்டும் இடம் தெளிவாகத் தெரியாது. இரண்டு பென்சில்களை மேசைமேல் வைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும்.

கரை தாழும் கணக்கு

வள்ளம் போகப் போக முதலில் கடற்கரை மறைந்தது. பிறகு வீடுகள். பிறகு தென்னையின் அடிமரம் மறைந்து தலை மட்டும் நீர்மேல் வைத்ததுபோல் தெரிந்தது. "கரை தாழுது" என்றார் பாட்டா. பூமி உருண்டை என்பதை நான் பள்ளியில் படித்திருக்கிறேன். கண்ணால் கண்டது அன்றுதான்.

இதற்கும் ஓர் எளிய கணக்கு உண்டு. கண்ணின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் தொடுவானத்தின் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். வள்ளத்தில் நிற்பவனின் கண் நீரிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருந்தால் தொடுவானம் 5 கிலோமீட்டர். கரையில் உள்ள பொருளுக்கும் இவ்வாறே கணக்கிட்டுக் கூட்டிக்கொள்ள வேண்டும். 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் குமரியில் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையின் உயரம் 133 அடி, அதாவது சுமார் 40 மீட்டர். இந்தக் கணக்கின்படி ஏறத்தாழ 28 கிலோமீட்டர் வரை சிலையின் தலை தெரியும். அடியில் உள்ள பாறையின் உயரத்தால் இன்னும் சற்றுக் கூடும். அதற்கு அப்பால் ஐயனும் கடலில் மறைந்துவிடுவார். 1,654 மீட்டர் உயரமுள்ள மகேந்திரகிரியோ, வானம் மட்டும் தெளிவாக இருந்தால், நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் தலைகாட்ட வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை கடலுக்கு இவ்வளவு அருகில் வந்து முடிவது எங்கள் மீனவர்களுக்குக் கிடைத்த பெரும் வாய்ப்பு எனலாம்.

காணாமற்போன பனை

முதல் இரண்டு பார்களைப் பாட்டா எளிதில் காட்டினார். மூன்றாவதுதான் எங்கள் குடும்பம் பெரிதும் நம்பியிருந்த பார். அதற்கு வடக்கே ஒரு கோயில் கோபுரமும் மலைமுடியும் ஒரு கணியம். கிழக்கே ஒரு குன்றின் சரிவும் அதற்கு முன்னே கரையில் நின்ற இரட்டைப் பனையும் மற்றொன்று. வடக்குக் கணியம் பொருந்தியது. கிழக்கே பார்த்தால் பனைகளைக் காணவில்லை! பாட்டா கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். புரை விழுந்த கண்ணின் குறை என்றே முதலில் எண்ணினார். "எனக்குத் தெரியல்ல மக்ளே, நீ பாரு" என்றார். நானும் பார்த்தேன். பனை இல்லை. சாலை போட்டபோது வெட்டிவிட்டார்கள் என்று அப்பாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. பாட்டா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

இரண்டு கோடுகளில் ஒன்று அழிந்துவிட்டது. எஞ்சிய கோடு எவ்வளவு நீளமும் போகும். பார் அதில் எந்த இடத்திலும் இருக்கலாம். ஆனால் நமக்கு இன்னொரு செய்தி தெரியும். சுற்றிலும் தரை 30 பாகம் ஆழம்; பாரின் தலை 26 பாகம். இரு கைகளையும் விரித்தால் ஒரு கையின் நுனியிலிருந்து மறு கையின் நுனி வரை உள்ள நீளமே ஒரு பாகம். கோபுரத்தையும் மலைமுடியையும் விலகவிடாமல் வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல வெளியே சென்று, நிறுத்தி நிறுத்தி ஈயம் இறக்கிப் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

ஈயம் சொல்லும் செய்தி

ஈயக்கட்டியைத் தங்கூஸ் நூலில் கட்டி இறக்குவார்கள். பாட்டாவின் நூலில் ஐந்து பாகத்துக்கு ஒரு நிறமாக நூல் சுற்றி அடையாளம் வைத்திருந்தது. ஈயம் தரையைத் தொட்டதும் நூல் தளரும். சற்றே தூக்கித் தூக்கிப் போட வேண்டும். சேறு என்றால் ஈயத்தைப் பற்றிக்கொண்டு விடும். மணல் என்றால் மெத்தென்று இருக்கும். கல் என்றால் விரல் நுனியில் 'டக்' என்று தட்டும். பழங்காலத்தில் மாலுமிகள் ஈயக்குண்டின் அடியில் கொழுப்பைத் தடவி இறக்கி, அதில் ஒட்டி வரும் மணலையும் சிப்பித்தூளையும் பார்த்துத் தரையை அறிந்தார்கள். எங்களுக்கு விரலே போதுமானதாக இருந்தது.

ஒன்பது முறை மணல்தான். பத்தாவது முறை நான் இறக்கினேன். முப்பது பாகத்தில் ஈயம் தொட்டது. "முப்பது. மணல்தான் பாட்டா" என்றேன். அவர் நூலை என் கையிலிருந்து வாங்கி ஒரு விரலால் இரண்டு முறை தூக்கிப் போட்டார். "கல்லுல்லா தட்டுது! நூலு எப்பிடிச் சாஞ்சு கெடக்குண்ணு பாத்தியா?" என்றார்.

பார்த்தேன். நீவாடு, அதாவது நீரோட்டம், நூலைச் சாய்த்திருந்தது. செங்குத்திலிருந்து ஏறக்குறைய 30 பாகை சாய்வு. 30 பாகையின் கோசைன் மதிப்பு 0.866. 30 பாகம் நூலை அதனால் பெருக்கினால் 26 பாகம்! வகுப்பறையில் எத்தனையோ முறை கரும்பலகையில் பார்த்த எண்ணுக்கு இப்படி ஒரு பொருள் உண்டு என்று நான் அறிந்ததில்லை. அப்பா உடனே நங்கூரத்தை விடப் போனார். பாட்டா தடுத்தார். நீவாட்டுக்கு எதிர்ப்புறம் சற்றுத் தள்ளித்தான் விட வேண்டும் என்றார். அதுவும் கணக்குதான். 30 பாகம் நூல் 30 பாகை சாய்ந்தால் ஈயம் 15 பாகம் தள்ளிப் போய் விழும். வள்ளம் பாருக்கு நேர் மேலே நின்றால் தூண்டில் மணலில் கிடக்கும். வள்ளம் நிற்க வேண்டிய இடம் ஒன்று. மீன் கிடக்கும் இடம் வேறொன்று.

வீட்டுக்கு வந்ததும் பாட்டாவின் பாகத்தை அளவு நாடாவால் அளந்தேன். 1.70 மீட்டர். அப்படியானால் 26 பாகம் என்பது 44.2 மீட்டர். சில நாள் கழித்து, எதிரொலி வழி ஆழம் காட்டும் கருவி பொருத்திய உறவினர் வள்ளத்தில் அந்தப் பாருக்குப் போனோம். திரையில் தோன்றிய எண் 44!

கொத்தும் இழுப்பும்

இடம் கிடைத்துவிட்டால் மீன் கிடைத்துவிட்டது என்று எண்ணக் கூடாது. கணவாய்த் துண்டை இரையாகக் கோத்து இறக்கினேன். சிறிது நேரத்தில் நூலில் மெல்லிய அசைவு. கடற்கரைப் பாறையில் இருந்து சிறு மீன் பிடித்த பழக்கத்தில், இன்னும் நன்றாகக் கொத்தட்டும் என்று காத்திருந்தேன். அடுத்த கணம் நூல் கையை அறுத்துக்கொண்டு ஓடியது, பிறகு நின்றுவிட்டது. எவ்வளவு இழுத்தும் வரவில்லை. களவா பொந்துக்குள் போய்விட்டது. நூல் பாறையில் உராய்ந்து அறுந்தது. மீனும் போயிற்று, தூண்டிலும் போயிற்று, உள்ளங்கைத் தோலும் போயிற்று!

இதற்கும் காரணம் உண்டு. நம் ஆய்வகத்தில் யங் குணகம் காணும் சோதனையை நாம் செய்கிறோம். ஒரே விசைக்கு, கம்பி எவ்வளவு நீளமோ அவ்வளவு கூடுதலாக அது நீளும். 5 மீட்டர் நூல் நீள்வதைப்போல் 50 மீட்டர் நூல் பத்து மடங்கு நீளும். நைலானோ நன்றாக நீளும் பொருள். ஆகவே கீழே பலமாகக் கொத்தினாலும் மேலே மெலிதாகவே தெரியும். நாம் மேலே ஒரு முழம் சுண்டினால் அந்த ஒரு முழமும் நூலின் நீட்சியிலேயே கழிந்துவிடும். முள் மீனின் வாயில் ஏறாது. மெல்லிய அசைவு தெரிந்த உடனே கையை முழுவதும் வீசி இழுக்க வேண்டும். நிறுத்தாமல் முதல் நாலைந்து பாகத்தைச் சுருட்டிவிட வேண்டும். பொந்தைவிட்டுக் களவாவை விலக்கிவிட்டால் பிறகு மெதுவாக இழுக்கலாம். மூன்றாவது முறை எனக்கு இது கைகூடியது. செம்பழுப்பு நிறத்தில் புள்ளியிட்ட ஒரு களவா வள்ளத்தில் வந்து விழுந்தது.

மேலே வந்த மீன்

அந்த மீனைக் கண்டு நான் மகிழ்ந்தேன். கூடவே திடுக்கிட்டும் போனேன். கண்கள் பிதுங்கியிருந்தன. இரைப்பை வாய்வழியே வெளியே தள்ளியிருந்தது. இது பாயில் விதியின் விளைவு. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 44 மீட்டரில் மொத்த அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப்போல் சுமார் ஐந்தரை மடங்கு. மீனின் உடலில் மிதவைப்பை என்று ஒரு காற்றுப்பை உண்டு. களவாவின் பைக்கு வெளியே திறக்கும் குழாய் கிடையாது. மீன் விரைவாக மேலே வரும்போது அழுத்தம் குறையக் குறைய உள்ளே இருக்கும் வாயு ஐந்தரை மடங்காக விரியப் பார்க்கிறது. இரைப்பையை வெளியே தள்ளுவது அதுதான்.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படுகிறது. கரையோரத்தில் சிறு மீன் அகப்பட்டால் திரும்ப நீரில் விடலாம். அது பிழைத்துப் போகும். ஆழத்திலிருந்து வந்த சிறு களவாவை அப்படியே நீரில் விட்டால் அதனால் கீழே இறங்க முடியாது; வயிறு உப்பி மிதந்து சாகும். ஆகவே சிறு மீனை விட்டுவிட வேண்டும் என்ற எண்ணம் மீன் மேலே வந்த பிறகு பயன்படாது. தூண்டில் கீழே இறங்குவதற்கு முன்பே அதை முடிவு செய்ய வேண்டும். பாட்டா பெரிய முள்ளே கட்டுவார். தொடர்ந்து சிறு மீன் வந்தால் நங்கூரத்தைத் தூக்கி வேறு பாருக்குப் போய்விடுவாராம். "குஞ்சப் பிடிச்சுத் தீத்துட்டா அடுத்த வருசம் என்னத்தத் தின்ன?" என்றார். விலங்கியல் படிக்கும் நண்பர் இதைக் கேட்டுவிட்டு இன்னொன்றும் சொன்னார். களவாக்களில் பெரும்பாலானவை பெண்ணாகவே முதிர்ந்து, பிறகு பெரிதாக வளர்ந்த சிலவே ஆணாக மாறுமாம், வளர்ச்சியும் மெதுவாம். ஆகவே ஒரு பாரில் உள்ள பெரிய மீன்களை முற்றிலும் எடுத்துவிட்டாலும் கேடுதான். சிறியதையும் தீர்க்கக் கூடாது. பெரியதையும் தீர்க்கக் கூடாது. ஒரே பாரில் நாள்தோறும் விழாமல் பல பார்களை மாற்றி மாற்றிப் போவது இதனாலேயே நல்லது. அதற்குப் பல பார்கள் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

பழையதும் புதியதும்

புதிய கருவிகள் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. எதிரொலிக் கருவி ஓர் அற்புதம். கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். 44 மீட்டர் ஆழத்துக்குச் சென்று திரும்ப நொடியில் நூற்றில் ஆறு பங்கு நேரமே ஆகிறது. அந்த இடைவெளியை அளந்து அது ஆழம் சொல்கிறது. மீனின் மிதவைப்பையில் பட்டு எதிரொலிப்பதால் மீனையும் காட்டுகிறது. இரவிலும் மூடுபனியிலும் கணியம் தெரியாது, ஜி.பி.எஸ். காட்டும். கரையே மறைந்துபோகும் தொலைவில் பல நாள் தங்கித் தொழில் செய்யும் தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவர்களுக்கு அது கண் போன்றது.

உயிர் காப்பதும் கருவியே. 2017ஆம் ஆண்டு நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரியை ஒட்டிக் கடந்தபோது நான் ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். எச்சரிக்கை, முன்னரே தொலைகடல் சென்றிருந்தவர்களை எட்டவில்லை. எங்கள் மாவட்டத்தின் எத்தனையோ வீடுகளுக்கு ஆண்கள் திரும்பி வரவில்லை. அதன் பின்னரே, செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை பெறும் கருவிகள் ஆழ்கடல் படகுகளுக்கு வழங்கப்பட்டன. அப்பா என்னைக் கடலுக்கு விடாததன் காரணம் எனக்கு விளங்காமல் இல்லை.

ஆனால் கருவி நினைவில் வைத்துக்கொள்ளும்; கற்றுக்கொடுக்காது. அது நின்றுபோனால் நம் நினைவும் சேர்ந்து நின்றுபோகக் கூடாது. அந்தக் கோடையில் பாட்டா எங்களோடு பதினான்கு நாள் கடலுக்கு வந்தார். பதினொரு பார்களை மீட்டோம். ஒவ்வொன்றையும் புதிய கருவியிலும் பதித்தோம். என் நோட்டிலும் எழுதினேன். இரட்டைப் பனை நின்ற கணியத்துக்கு இப்போது புதிய அடையாளம் வைத்திருக்கிறோம். குன்றின் இடப்புறச் சரிவு முடியும் இடத்தில் ஒரு செல்பேசிக் கோபுரம் வந்து நிற்க வேண்டும். அந்தக் கோபுரம் பாட்டாவுக்குப் பிடிக்கவில்லை. "இருந்தாலும் இருட்டுல வெளிச்சம் காட்டும்" என்று பிறகு ஒப்புக்கொண்டார்.

முடிவுரை

அந்தப் பதினொரு பார்களின் கணியங்களை நான் இங்கே எழுதவில்லை. வேறு வள்ளம் அருகில் வந்தால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிடும் வழக்கமுள்ள குடும்பம் எங்களுடையது! அவை எனக்கு மட்டும் சொந்தமானவையும் அல்ல. ஆனால் அவற்றைக் காணும் முறை எல்லார்க்கும் பொதுவானது, அதைத்தான் எழுதினேன்.

விடுமுறை முடிந்து கல்லூரிக்குக் கிளம்புவதற்கு முந்தின இரவு, பாட்டா என்னை அழைத்து நோட்டு முழுவதையும் படித்துக் காட்டச் சொன்னார். அவருக்கு எழுத்து தெரியாது. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே வந்தவர் ஏழாவது பாரில் நிறுத்தினார். "மலையோட வலது தோளுண்ணு எழுதியிருக்க. இடது தோளு. திருத்து" என்றார். அடித்துத் திருத்தி எழுதினேன். மறுமுறை கடலுக்குப் போன அப்பா, பாட்டா சொன்னதே சரி என்று தொலைபேசியில் சொன்னார்.

நண்பர்களே, நம் கல்லூரியில் படிப்பவர்களில் பலர் உழவர், நெசவாளர், கொத்தனார், பனையேறி, மீனவர் வீடுகளிலிருந்து வந்தவர்கள். நம் வீடுகளில் முதன்முதலாக எழுதத் தெரிந்தவர்கள் நாம்தாம். அப்பனும் பாட்டனும் கையாலும் கண்ணாலும் அறிந்து வைத்திருப்பவை எந்தப் பாடநூலிலும் இல்லை. அடுத்த விடுமுறையில் ஒரு நோட்டோடு அவர்கள் அருகில் சென்று உட்காருங்கள். அவர்கள் சொல்வதை எழுதி, எழுதியதை அவர்களிடமே படித்துக் காட்டுங்கள். தவறு இருந்தால் திருத்துவதற்கு அவர்கள் இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.